அக்காவின் நாற்பதாவது பிறந்தநாள்: பொய்க் காரணம் சொல்லித் தப்பிக்கலாமா?

வாசகியின் கடிதம்:

எனக்கு 37 வயது. இன்னும் இரண்டு மாதத்தில் அக்காவுக்கு 40 நிறைகிறது. தம்பி ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, வெள்ளி மாலை கிளம்பி ஞாயிறு திரும்புவதாகத் திட்டம் போட்டிருக்கிறான். ஊருக்கு வெளியே ஒரு பெரிய வீட்டை இரண்டு இரவுக்கு வாடகைக்கு எடுக்கிறோம். அக்கா குடும்பம், தம்பியும் அவன் மனைவியும், நான், என் கணவர், எங்கள் இரண்டு பிள்ளைகள், அம்மா. அக்காவுக்கு எதுவும் தெரியக்கூடாதாம். செலவை நானும் தம்பியும் பாதிப் பாதி. அவன் எழுதியதும் நானும் யோசிக்காமல் கட்டைவிரல் படம் போட்டுவிட்டேன். என் கணவர் வேலை மாறியதில் சம்பளம் குறைந்துவிட்டது, இதை என் பிறந்த வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. அவரோ "நீ போய்ட்டு வா, நான் வரல" என்கிறார். போதாததற்கு, போன மாதம் பேசும்போது அக்கா "இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம்டி, சும்மா இருந்தாப் போதும்" என்றாள். என் கல்லூரிக் கட்டணத்தைக் கட்டியது அவள்தான், அவளுக்காக இதைக்கூடச் செய்யமாட்டேனா என்று குற்ற உணர்ச்சியாக இருக்கிறது. மாதக் கடைசிக்குள் முன்பணம் கட்ட வேண்டும். பிள்ளைக்குப் பரீட்சை என்று சொல்லித் தப்பித்துவிடலாமா? போவதென்றால் தனியாகப் பரிசு வேறு வாங்க வேண்டுமா?

பதில்:

பரீட்சை என்று சொல்லாதீர்கள். பொய் சொல்வது பாவம் என்று உபதேசிக்க வரவில்லை, இந்தப் பொய் வேலைக்கு ஆகாது, அவ்வளவுதான். நீங்கள் எந்தக் காரணத்தைச் சொல்கிறீர்களோ அதைத்தான் கேட்பவர்கள் தீர்த்து வைக்கப் பார்ப்பார்கள். "பரீட்சையா, சரி, ஒரு வாரம் தள்ளி வெச்சுக்கலாம்" என்பான் தம்பி. உங்களுக்காகத் தேதியையே மாற்றிவிட்டான் என்றால் அப்புறம் மறுக்க உங்களுக்கு வாயே இருக்காது. பணப் பிரச்சினை அப்படியே நிற்கும், கூடவே இல்லாத ஒரு பரீட்சைக்கு அட்டவணையும் நீங்கள் ஞாபகம் வைத்திருக்க வேண்டும். அதற்கும் மேல், பிள்ளைகள் பாட்டியிடம் எதையும் மறைப்பதில்லை.

போகலாமா வேண்டாமா என்று கேட்டிருக்கிறீர்கள். ஆனால் உங்களுக்குப் போக ஆசை இருப்பது கடிதத்தில் வரிக்கு வரி தெரிகிறது. கைக்கு எட்டாத ஒரு திட்டத்துக்குத் தலையாட்டிவிட்டீர்கள், ஆட்டிய தலையை எப்படித் திருப்புவது என்று தெரியவில்லை, இவ்வளவுதான் விஷயம். இது முன்பணம் கட்டும் முன் ஒரு போன் பேச்சில் முடிகிற காரியம். கட்டிய பிறகு உங்கள் "முடியாது" தம்பியின் பண நஷ்டமாகிவிடும், ஏனென்றால் இப்படி வாடகைக்கு விடும் வீடுகளில் தேதி நெருங்க நெருங்கத் திரும்பக் கிடைக்கும் தொகை குறைந்துகொண்டே போகும், சில இடங்களில் ஒன்றுமே திரும்பாது. அந்த நிலையில் நீங்கள் எவ்வளவு நியாயமாகப் பேசினாலும் அவன் காதில் பணம்தான் விழும். ஆகவே எவ்வளவு தயங்கினாலும் அந்தத் தேதிக்கு முன்னால் தயங்கி முடித்துவிடுங்கள்.

குழுவில் போடும் கட்டைவிரலுக்கு நாம் கொடுக்கிற மதிப்பு ரொம்ப அதிகம் என்று எனக்குத் தோன்றும். ஜெர்ரி ஹார்வி என்ற அமெரிக்க மேலாண்மைப் பேராசிரியர் 1974இல் எழுதிய கட்டுரை ஒன்றில் தன் சொந்தக் குடும்பத்தில் நடந்ததைச் சொல்கிறார். டெக்சாஸில் கோல்மன் என்ற சிற்றூர், 104 டிகிரி ஃபாரன்ஹீட் வெயில், வீட்டில் நான்கு பேர். "அபிலீன் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாமா" என்கிறார் மாமனார். மனைவி சரி என்கிறார், இவரும் சரி என்கிறார், மாமியாரும் சரி என்கிறார். ஏசி இல்லாத பழைய ப்யூக் காரில் 53 மைல் போய், வாய்க்கு விளங்காத சாப்பாட்டைச் சாப்பிட்டு, புழுதியும் வேர்வையுமாக வீடு திரும்பிய பிறகுதான் விஷயம் வெளியே வருகிறது: நால்வரில் ஒருவருக்கும் போக ஆசையே இல்லை. யோசனையைச் சொன்ன மாமனாரே, மற்றவர்களுக்கு அலுப்பாக இருக்குமோ என்றுதான் சொன்னாராம். அபிலீன் முரண்பாடு என்று இதற்குப் பெயரே நிலைத்துவிட்டது. உங்கள் குழுவிலும் இப்படி இருக்கலாம். அக்காவுக்கு நாற்பது, பெரிதாகச் செய்யாவிட்டால் மற்றவர்கள் என்ன நினைப்பார்களோ என்று தம்பியே பயந்து பயந்து இந்த வீட்டைத் தேடியிருக்கலாம். அவன் மனைவி என்ன நினைக்கிறாள் என்பதைப் பற்றி உங்கள் கடிதத்தில் ஒரு வார்த்தைகூட இல்லை, கவனித்தீர்களா? யாராவது ஒருவர் முதலில் வாயைத் திறந்தால் மற்ற இருவருக்கும் மூச்சு வரும். அந்த ஒருவர் நீங்களாக இருங்கள்.

ஆனால் தம்பிக்கு முன்னால் கணவர். சம்பளம் குறைந்தது உங்கள் குடும்பச் செய்தி என்றாலும் அதில் பாதி அவருடைய ரகசியம், அதை அவரைக் கேட்காமல் உங்கள் வீட்டில் வெளியிட உங்களுக்கு உரிமை இல்லை. "நான் வரல" என்று அவர் சொல்வதை நான் கோபமாகப் படிக்கவில்லை. மச்சான் பாதிச் செலவை அலட்டிக்கொள்ளாமல் எடுத்துப் போடுகிற இடத்தில் இரண்டு நாள் முழுக்கச் சிரித்த முகமாக உட்கார்ந்திருக்க வேண்டுமே, அதுவும் "புது வேலை எப்படிப் போகுது" என்று யாராவது கேட்பார்களே என்ற பயம் அதில் இருக்கலாம் என்று நினைக்கிறேன். தவறாகவும் இருக்கலாம், கேட்டுப் பாருங்கள். எதைச் சொல்லலாம், எதைச் சொல்ல வேண்டாம் என்று இருவரும் ஒரு முடிவுக்கு வாருங்கள். முழுக் கதையும் தேவையில்லை. "இப்போதைக்குக் கை இறுக்கம்" என்ற ஒரு வரி போதும், அது உண்மை, அதில் யாருக்கும் அவமானமும் இல்லை. அதே பேச்சில் இன்னொன்றையும் முடிவு செய்யுங்கள்: கடன் வாங்காமல், கார்டில் தேய்க்காமல், அடுத்த மாத வீட்டுச் செலவில் கை வைக்காமல் இந்தப் பயணத்துக்கு நீங்கள் எடுத்து வைக்கக்கூடிய தொகை எவ்வளவு? அது ஒரு எண்ணாக இருக்க வேண்டும். எண் இல்லாமல் தம்பியிடம் போகாதீர்கள்.

ஏனென்றால் "கொஞ்சம் செலவைக் குறைக்கலாமே" என்று நீங்கள் சொன்னால் அவன் கேக்கைச் சின்னதாக்குவான். நிஜமாகத்தான் சொல்கிறேன், வசதியாக இருப்பவர்களுக்குக் "கொஞ்சம்" என்பதன் அளவே வேறு. அவர்கள் கெட்டவர்கள் என்பதல்ல, மற்றவர் கை நிலவரம் அவர்கள் கண்ணில் படுவதில்லை, நாம் சொல்லாதவரை படவும் படாது. போனில் கூப்பிடுங்கள், குழுவில் எழுத வேண்டாம், அங்கே அவன் மனைவி பார்க்கிறாள், அம்மா பார்க்கிறாள், பதில் சொல்ல நேரமெடுத்தால்கூட அதற்கு ஒரு அர்த்தம் கற்பிக்கப்படும். இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "டேய், குழுவுல நான் யோசிக்காம சரின்னு போட்டுட்டேன், தப்பு என்னோடதுதான். எங்களுக்கு இப்போ கை இறுக்கம். என்னால இவ்வளவு போட முடியும். இதுக்குள்ள அக்காவுக்கு என்ன செய்யலாம்னு சேர்ந்து யோசிப்போமா?" தொகையைச் சொன்ன பிறகு வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்தச் சில வினாடி அமைதியைத் தாங்க முடியாமல்தான் நம்மில் பாதிப் பேர் "சரி விடு, நான் எப்படியாவது பார்த்துக்கறேன்" என்று உளறிவிடுகிறோம்.

"உனக்கு எப்பவுமே எல்லாத்துலயும் கணக்கு" என்று அவன் பொரிந்தால், பதிலுக்கு அவனுடைய ஊதாரித்தனத்தை இழுக்காதீர்கள், ஆசை வரும், வேண்டாம். "ஆமா, இப்போ கணக்குப் பார்த்துத்தான் ஆகணும்" என்று ஒப்புக்கொண்டு நகர்ந்துவிடுங்கள். ஒப்புக்கொண்ட குற்றச்சாட்டை வைத்துக்கொண்டு யாரும் நெடுநேரம் சண்டை போட முடியாது. ஆனால் அவன் வேறு மாதிரி மடக்குவதற்குத்தான் வாய்ப்பு அதிகம்: "விடுக்கா, உன் பங்கையும் நானே போட்டுக்கறேன்." இதற்கு என்ன சொல்வது என்று முன்கூட்டியே யோசித்து வைத்துக்கொள்ளுங்கள். என் அபிப்பிராயத்தில் ஒரு பகுதியை வாங்கிக்கொள்வதில் தவறில்லை, அக்கா உங்களுக்குக் கட்டணம் கட்டியபோது யாரும் கௌரவம் பார்க்கவில்லையே. இரண்டு நிபந்தனை மட்டும். அது கடனா, அன்பளிப்பா என்பது அப்போதே தெளிவாகிவிட வேண்டும், "அப்புறம் பார்த்துக்கலாம்" என்பது மூன்று வருடம் கழித்து எங்கோ ஒரு சண்டையில் வந்து விழும். அடுத்தது, அதை அவன் மற்றவர்கள் முன்னால் சொல்லக்கூடாது, குறிப்பாக உங்கள் கணவர் இருக்கும் இடத்தில். அப்படி வாயை அடக்கி வைத்திருக்கத் தம்பியால் முடியாது என்று உங்களுக்குத் தெரிந்தால், வேண்டாம் என்றே சொல்லிவிட்டுத் திட்டத்தைச் சுருக்கச் சொல்லுங்கள்.

பாதிப் பாதி என்பதைப் பற்றியும் கொஞ்சம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சமமாகப் பங்கு போடும்போது மொத்தச் செலவே வீங்குகிறது. 2004இல் யூரி நீஸி, எர்னன் ஹாருவி, ஹதாஸ் யாஃபே ஆகிய மூவர் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஆறாறு பேராக உணவகத்துக்கு அழைத்துப் போய், சில குழுக்களில் அவரவர் சாப்பிட்டதற்கு அவரவர் கட்டச் சொன்னார்கள், சில குழுக்களில் மொத்தத்தை ஆறாகப் பிரித்துக் கட்டச் சொன்னார்கள். பிரித்துக் கட்டியவர்கள் கூடுதலாக ஆர்டர் செய்தார்கள். இத்தனைக்கும் முன்கூட்டியே கேட்டபோது பெரும்பாலோர் அவரவர் பங்கை அவரவர் கட்டுவதையே விரும்பினார்கள். உங்கள் பயணத்திலும் இதே கதைதான் நடக்கும்: பாதியை இன்னொருவர் கட்டுகிறார் என்ற தைரியத்தில் நீச்சல்குளம் உள்ள வீடு, ஒரு புகைப்படக்காரர், பலூன் அலங்காரம் என்று ஒவ்வொன்றாக ஏறும். ஆகவே இரண்டு பேரும் பகிர்வது வீட்டு வாடகை, சாப்பாடு, அம்மாவையும் அக்கா குடும்பத்தையும் அழைத்துப் போகிற செலவு, இவ்வளவோடு நிற்கட்டும். அதற்கு மேல் ஆசைப்படுகிறவர் தன் ஆசைக்குத் தானே கட்டட்டும். யார் தொகை குறைவோ அதை வைத்துப் பொதுச் செலவை அமைப்பதுதான் என் கட்சி. தலைக்கு இவ்வளவு என்று போனால் உங்கள் வீட்டில் நான்கு பேர், அவன் வீட்டில் இரண்டு பேர், உங்களுக்குத்தான் அடி விழும், அந்தப் பேச்சை நீங்களாக எடுக்காதீர்கள்.

அறைகளும் ஒன்றுபோல் இருக்காது. பிரான்சிஸ் சூ என்ற கணிதப் பேராசிரியர் 1999இல் ஒரு கட்டுரை எழுதினார், ஒரு வீட்டைப் பகிர்கிறவர்கள் ஆளுக்கு ஒரு வேறு அறையையே விரும்பி எடுத்துக்கொள்ளும்படி வாடகையைப் பிரிக்க முடியும் என்று சில நிபந்தனைகளோடு நிறுவினார். உங்களுக்கு அவ்வளவு கணக்கு வேண்டாம். நீங்கள் நால்வரும் ஒரு அறையில் தரையில் மெத்தை போட்டுப் படுத்து, தம்பி பால்கனி அறையை எடுத்துக்கொண்டால் பாதிப் பாதி அல்ல அது, இதை ஒரு சிரிப்போடு சொன்னால் போதும், அவனுக்குப் புரியும். அம்மாவுக்குக் கீழ்த்தளத்தில், குளியலறை ஒட்டிய அறை. இதை மட்டும் வீட்டுக்காரரிடம் போனில் கேட்டு உறுதி செய்யாமல் முன்பணம் கட்டாதீர்கள், படங்களில் படிக்கட்டு தெரியாது.

இனி அக்கா. உண்மையைச் சொன்னால் உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகம் உறுத்தியது பணம் இல்லை, "இந்த வருஷம் ஒண்ணும் வேண்டாம்டி" என்ற வரிதான். அதை நீங்கள் ஒரு தகவல் மாதிரி எழுதிவிட்டுக் கடந்துபோய்விட்டீர்கள். தம்பிக்கு இது தெரியுமா? தெரியாது என்று நினைக்கிறேன், தெரிந்திருந்தால் எழுதியிருப்பீர்கள். வேண்டாம் என்று பெரியவர்கள் சொல்வதில் பல வகை உண்டு. நமக்குச் செலவு வைக்க வேண்டாம் என்று சொல்வது ஒன்று, யாராவது வற்புறுத்த மாட்டார்களா என்ற எதிர்பார்ப்பில் சொல்வது ஒன்று, நிஜமாகவே களைத்துப்போய்ச் சொல்வது ஒன்று. நாற்பது என்பது சிலருக்கு ஒரு எண், சிலருக்கு அந்த எண்ணைப் பார்த்தாலே செய்யாமல் விட்டதெல்லாம் வரிசையாக ஞாபகம் வரும், அந்த மாதிரி நேரத்தில் ஒன்பது பத்துப் பேர் கதவுக்குப் பின்னாலிருந்து "சர்ப்ரைஸ்" என்று கத்துவது அன்பாகத் தெரியாது. அக்கா எந்த வகையில் சொன்னாள் என்று நீங்களும் நானும் ஊகிப்பதில் பயனில்லை, அவளைக் கேட்டால் தெரிந்துவிடும்.

கேட்டால் ரகசியம் போய்விடுமே என்பீர்கள். போகட்டும். இரண்டு நாள் வெளியூர்ப் பயணத்தை ரகசியமாக வைப்பதே ஒரு தொல்லை. அவளுக்கு லீவு கிடைக்குமா, அந்த வார இறுதியில் பிள்ளைகளுக்கு ஏதாவது இருக்கிறதா, அவள் தினமும் சாப்பிடுகிற மாத்திரை, மாதவிலக்குத் தேதி, அவளுக்குப் பிடித்த தலையணை, எல்லாவற்றையும் அவள் கணவர் பின்னாலிருந்து சமாளிக்க வேண்டும், பாவம் அந்த மனிதர். அதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று இருக்கிறது. யெரூன் நவேன் என்பவரும் உடன் ஆய்வாளர்களும் நெதர்லாந்தில் 1,530 பேரிடம் விடுமுறையைப் பற்றிச் செய்த ஆய்வு 2010இல் வந்தது. விடுமுறைக்குப் போகிறவர்கள் போகாதவர்களைவிட மகிழ்ச்சியாக இருந்தது கிளம்புவதற்கு முந்தைய நாட்களில்தான். திரும்பிய பிறகு பெரும்பாலோரிடம் வித்தியாசமே தெரியவில்லை, மிகவும் நிம்மதியான விடுமுறையாக இருந்தது என்றவர்களிடம் மட்டும் கொஞ்ச நாள் நீடித்தது. சர்ப்ரைஸ் வைப்பதால் நீங்கள் அக்காவிடமிருந்து பறிப்பது அந்த எதிர்பார்ப்பைத்தான். அந்த மகிழ்ச்சியைத் திட்டம் போடுகிற தம்பி அனுபவித்துவிடுகிறான், பிறந்தநாள்காரிக்கு அது கிடைப்பதில்லை. அதனால்தானோ என்னவோ, சர்ப்ரைஸ் என்றால் திட்டம் போடுகிறவர்களுக்கு அவ்வளவு உற்சாகம்.

தம்பிக்கு அந்த ஆசையை முழுக்க விட மனம் வராது. பயணத்தையும் தேதியையும் சொல்லிவிட்டு உள்ளே ஒரு சின்ன விஷயத்தை மட்டும் ரகசியமாக வைத்துக்கொள்ளட்டும்: பழைய படங்கள், தூரத்தில் இருக்கும் ஒரு தோழியின் குரல் பதிவு, அப்படி ஏதாவது. அக்காவிடம் திறந்த கேள்வியாகக் கேட்டால் "எதுக்குடி" என்றுதான் வரும், ஆகவே தேர்ந்தெடுக்கக் கொடுங்கள். எல்லாரும் இரண்டு இரவு போகலாமா, நாம் மூன்று பேரும் அம்மாவும் மட்டும் ஒரு இரவு போகலாமா, எங்கேயும் போகாமல் ஒரு பகல் முழுக்க உன்னை எந்த வேலையும் செய்யவிடாமல் உட்கார வைக்கலாமா? அவள் நடுவில் இருப்பதைத் தேர்ந்தெடுத்தால் நான் ஆச்சரியப்பட மாட்டேன். கல்யாணம் ஆன பிறகு உடன்பிறந்தவர்கள் சந்திப்பதெல்லாம் விசேஷத்திலும் ஆஸ்பத்திரியிலும்தான், அங்கே எப்போதும் சுற்றி நாற்பது பேர். உடன்பிறந்தவர்கள் மட்டும் ஒரு ராத்திரி சேர்ந்து இருப்பது அபூர்வம், அதற்குப் பெரிய வீடு தேவையில்லை, உங்கள் செலவும் பாதிக்குக் கீழே வந்துவிடும், கணவர் வரவில்லையே என்ற விளக்கமும் வேண்டியதில்லை. நான் இதற்குத்தான் ஓட்டுப் போடுவேன். ஆனால் பிறந்தநாள் என்னுடையதல்ல.

எல்லாரும் போவது என்றே முடிவானால், கணவர் வராமல் நீங்கள் பிள்ளைகளோடு போவதில் ஒரு தவறும் இல்லை. "அவருக்கு இந்த வாரம் முடியல" என்று ஒரு முறை சொல்லுங்கள், திரும்பத் திரும்ப விளக்காதீர்கள், விளக்கம் நீள நீளத்தான் அம்மாவுக்குச் சந்தேகம் வரும். ஒரு இரவு மட்டும் இருந்துவிட்டுத் திரும்புவதும் ஒரு வழிதான்.

கல்லூரிக் கட்டண விஷயத்தில் கொஞ்சம் கண்டிப்பாகவே சொல்கிறேன். அந்த நன்றியை இந்தப் பயணத்தோடு முடிச்சுப் போடாதீர்கள். அப்படிப் போட்டால் எவ்வளவு செலவு செய்தாலும் போதாது என்றுதான் தோன்றும், தம்பி சொல்கிற எந்தத் தொகைக்கும் மறுபடி தலையாட்டுவீர்கள். நீங்கள் படித்து நிமிர வேண்டும் என்று கட்டணம் கட்டியவள், அவள் பிறந்தநாளுக்காக நீங்கள் கடன் வாங்கினீர்கள் என்று பின்னால் தெரிந்தால் சந்தோஷப்படுவாளா? திட்டுவாள். நன்றி சொல்ல வேண்டும் என்று மனதில் இருந்தால் தனியாக உட்கார வைத்துச் சொல்லிவிடுங்கள், அந்தப் பணம் வந்த வருடம் உங்களுக்கு என்னவாக இருந்தது என்று, நேராக. இதுவரை சொன்னதில்லை என்று பந்தயம் கட்டுவேன்.

போன இடத்தில் என்ன நடக்கும் என்றும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எல்லாக் குடும்பத்திலும் இது நடக்கிறது. முதல் நாள் காலையிலேயே பழைய இடங்களுக்குத் திரும்பிவிடுவீர்கள். தம்பி உத்தரவு போடுவான், நீங்கள் சமாதானம் செய்வீர்கள், அக்கா எழுந்து பாத்திரம் கழுவுவாள். யார் பிறந்தநாள் என்பது அடுப்படிக்குத் தெரியாது. அடுத்த நாள் "நான்தான் எல்லாம் செய்றேன்" என்று மூன்று பேருமே நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இரு உளவியலாளர்கள் 1979இல் வெளியிட்ட ஆய்வில் கணவன் மனைவி இருவரிடமும் தனித்தனியாக வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் பங்கையும் கூட்டினால் பெரும்பாலும் முழு அளவையும் தாண்டியது. நாம் செய்தது நமக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மற்றவர் செய்தது கண்ணில் படவில்லை, இதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. கிளம்பும் முன்பே சமையல் யார், பிள்ளைகளைக் குளிக்க வைப்பது யார், அம்மாவின் மருந்து யார் பொறுப்பு என்று பேசி வைத்துக்கொள்ளுங்கள், அந்தப் பட்டியலில் அக்கா பெயர் எங்கேயும் வரக்கூடாது. ஒரு நாளைக்கு ஒரு நிகழ்ச்சிக்கு மேல் வேண்டாம். மீதி நேரம் சும்மா கிடக்கட்டும், "சும்மா இருந்தாப் போதும்" என்றுதானே அவள் கேட்டாள்.

கணக்கு வழக்கைக் கிளம்புவதற்கு முன்பே, அல்லது வீடு திரும்பி இரண்டு நாள் கழித்து முடியுங்கள். ஞாயிறு காலையில் பெட்டி கட்டிக்கொண்டே "நீ எவ்வளவு போட்ட, நான் எவ்வளவு போட்டேன்" என்று மட்டும் ஆரம்பித்துவிடாதீர்கள். டேனியல் கானமனும் மற்றவர்களும் 1993இல் வெளியிட்ட ஒரு சோதனையில், 14 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நீரில் ஒரு நிமிடம் கையை வைப்பது ஒரு முறை, அதே ஒரு நிமிடத்தோடு நீர் 15 டிகிரிக்கு மெல்ல ஏறும் இன்னொரு அரை நிமிடமும் சேர்த்து வைப்பது இன்னொரு முறை. எதை மறுபடி செய்வீர்கள் என்றால் பெரும்பாலோர் நீண்டதைத்தான் சொன்னார்கள், வேதனை அதில் கூடுதல் என்றாலும் முடிவு கொஞ்சம் இதமாக இருந்ததே காரணம். நல்லபடியாகப் போன இரண்டு நாளைக் கடைசி அரை மணி நேரக் கணக்குச் சண்டை விழுங்கிவிடும்.

பரிசு கேட்டீர்களே, தனியாக எதுவும் வாங்க வேண்டாம். பயணச் செலவில் உங்கள் பங்கே பரிசு, தம்பியிடமும் அதைச் சொல்லி வையுங்கள், இல்லாவிட்டால் அவன் ஒரு பெரிய பெட்டியோடு வந்து நிற்க, நீங்கள் வெறுங்கையோடு சங்கடப்படுவீர்கள். பிரான்சிஸ் ஃப்ளின், கேப்ரியேல் ஆடம்ஸ் இருவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வில் பிறந்தநாள் பரிசுகளையும் எடுத்துக்கொண்டார்கள். விலை கூடினால் மகிழ்ச்சியும் கூடும் என்று கொடுத்தவர்கள் நம்பினார்கள், வாங்கியவர்களிடம் அப்படி ஒரு தொடர்பே தென்படவில்லை. பிள்ளைகள் பெரியம்மாவுக்கு ஏதாவது வரைந்து கொடுக்கிறேன் என்றால் வரையட்டும். உங்களுக்கு மனம் கேட்கவில்லை என்றால் ஒரு கடிதம் எழுதி அவள் பையில் வைத்துவிடுங்கள், ஆனால் எல்லார் முன்னாலும் படிக்கச் சொல்லாதீர்கள், அக்காமார்களுக்கு அது பிடிக்காது.